அப்பாவின் வண்டிக்கு நான் போட்ட விலை

“ஏட்டி, வண்டிய ஓட்டவே தெரியாத நீ அதுக்கு வெல சொல்லுதியா?” என்று அப்பா சிரித்தார். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். அந்தச் சிரிப்பு சுருக்கென்றது.

கடற்கரை மணலில் சுற்றுலாக்காரர்கள் ஓட்டும் பழைய நாலு சக்கர பைக் அது. அப்பா அதை வாங்கி, தாராவியிலுள்ள எங்கள் பட்டறையில் வைத்து உயரத்தைக் கூட்டி, அகல டயரும் உறுமும் சைலன்சரும் மாட்டினார். அந்தச் செலவு முழுவதையும் விலையில் ஏற்றினார். மழைக்காலம் முடிந்தும் விற்கவில்லை. பட்டறையில் வேறு வண்டி நிறுத்த இடமில்லாமல் வேலைகள் திரும்பிப் போயின. வந்தவர்கள் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். பக்கத்து ஊரான தாணேயிலிருந்து வந்த ஒருவர் மட்டும், வண்டியோடு வந்த பழைய சைலன்சர் இருக்கிறதா என்று கேட்டார்.

வேலை முடிந்து ரயிலில் நின்றபடி, எதையும் மாற்றாத இதே மாதிரி வண்டிகள் என்ன விலைக்குப் போகின்றன என்று கைப்பேசியில் பார்த்தேன். டயருக்குக் கொஞ்சம் கூட்டலாம், மற்றதற்கு யாரும் தரமாட்டார்கள் என்று அப்பாவிடம் சொன்னேன்.

“அப்போ என் கைவேலைக்கு வெலையே இல்லையாட்டி?”

எல்லாவற்றையும் எடைக்குப் போடும் எங்கள் தெருவில், அந்தப் பழைய சைலன்சரை மட்டும் அவர் பரணில் வைத்திருந்தார். நான் அதை எடுக்க ஏறியபோது ஏணியைப் பிடித்துக்கொண்டார். அதைத் துடைத்துப் படமெடுத்து, வண்டிக்கு நான் போட்ட விலையோடு தாணேக்காரருக்கு அனுப்பிவிட்டேன்.