மாமாவின் கல் பாத்தி

கொழும்பில் கட்டட வேலை பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு உலகத்தில் தெரியாதது ஒன்றுமில்லை. என் மாமாவும் அப்படித்தான் வந்து சேர்ந்தார், வேலை போய், வெறுங்கையோடு. தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் கொஞ்சம் மரக்கறித் தோட்டம் உண்டு. அதில் வெங்காயத்தாள் மாதிரியான லீக்ஸ் போட்டு ராகலைச் சந்தைக்கு அனுப்பினால், தன் அண்ணன் திரும்பிப் போகாமல் இங்கேயே பிழைத்துக்கொள்வார் என்பது அம்மாவின் நினைப்பு.

மண்ணைக் கொத்தி நட்டால் போதாதா? போதாதாம். பாத்திக்கு அடியில் கல் பரப்ப வேண்டுமாம்.

"அடியில கல்லு கெடந்தா தண்ணி நிக்காது, வேரு அழுகாது. கொழும்புல பெரிய பெரிய கட்டடமே இப்படித்தான் நிக்குது, தெரியுமா?"

கட்டடத்துக்கும் லீக்ஸுக்கும் என்ன சம்பந்தம் என்று யார் கேட்பது? பள்ளிக்கூடம் விட்டு வந்து ஓடையிலிருந்து வாளி வாளியாகக் கல் சுமந்தது நான். அதன்மேல் ஒரு சாண் மண்ணைப் போட்டு மாமா நாற்று நட்டார். தண்ணீர் ஊற்றுவதும் என் தலையில்தான் விழுந்தது.

பக்கத்து வீட்டுப் பாத்தியில் கல்லும் இல்லை, கொழும்பும் இல்லை. அவர்கள் லீக்ஸ் தளதளவென்று நின்றது. எங்களுடையது மஞ்சளித்து, தொட்டால் அழுகிய வேரோடு கையில் வந்தது.

"புள்ள தண்ணிய அள்ளி அள்ளி ஊத்தியிருக்கு," என்றார் மாமா.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மண்வெட்டியை எடுத்துப் பாத்தியைப் பிளந்தேன். மேலே மண் சொதசொதவென்று கூழாக இருந்தது. அடியில் கல்லோ காய்ந்து கிடந்தது. ஒரு கல்லை எடுத்துக்கொண்டு அம்மாவிடம் ஓடினேன்.

"பாரும்மா! நான் அதிகமா ஊத்தியிருந்தா இது நனைஞ்சிருக்காதா? எல்லாம் மாமா போட்ட கல்லாலதான்!"

லயத்தில் ஒரு வீட்டில் தும்மினால் அடுத்த வீட்டில் கேட்கும். நான் கத்தியது கடைசி வீடு வரை போயிருக்கும். அம்மா கல்லை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"சத்தம் போடாத. நீ அதிகமா ஊத்துனதாவே இருந்துட்டுப் போகட்டும்."

இது என்ன நியாயம்?

பொடி மண் தண்ணீரை இறுகப் பிடித்துக்கொள்ளும், நன்றாகத் தளும்பினாலொழிய அடியிலிருக்கும் கல்லின் பெரிய இடுக்குகளுக்கு விடாது என்று, பிற்காலத்தில் விவசாயம் படித்தபோது விரிவுரையாளர் சொன்னார். வகுப்பிலேயே எழுந்து நின்று மாமாவைத் திட்டலாம் போலிருந்தது.

அது பிற்பாடு. மறுநாள் விடிந்தபோது மாமா பாத்தியில் தனியாகக் குனிந்து, கல்லையெல்லாம் பொறுக்கி ஓடையில் கொட்டிக்கொண்டிருந்தார். நான் சுமந்த கல்லை இப்படி வீணாக்குகிறாரே என்று ஆத்திரமாக வந்தது. மண்ணைச் சமப்படுத்தி, வாளியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, மத்தியானம் கொழும்புக்கு பஸ் ஏறிவிட்டார்.

அம்மா அன்று முழுவதும் என்னோடு பேசவில்லை. ஏனென்று எனக்கு விளங்கவேயில்லை. கல் காய்ந்துதானே கிடந்தது? நான் சொன்னது சரிதானே?