ஃபெர்ன் சொல்லித்தான் கூப்பிடுகிறேன்

"என் விசில் இந்தக் கம்பெனி காதுல தினம் விழும். என் பேரு மட்டும் நான் சாகுற வரைக்கும் விழாது," என்று 1969 மார்ச்சில் டெல்மர் க்ரெப்ஸ் பிரகடனம் செய்தபோது நாங்கள் ஏழு பேரும் மரியாதையாக ஆமாம் போட்டோம். ஒஹையோவில், தொலைபேசிக் கம்பெனி கைவிட்ட ஒரு எண்ணுக்குள் புகுந்து ஒன்றாக அரட்டையடிக்கும் கூட்டம் நாங்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. அதனால் சண்டையும் இல்லை.

டெல்மர் பியானோவுக்குச் சுதி சேர்ப்பவர். சரியான சுதியில் அவர் ரிசீவருக்குள் விசிலடித்தால், பேச்சு முடிந்துவிட்டதென்று கம்பெனி இயந்திரம் நம்பி வெளியூர் லைனைக் காலியாக்கிவிடும். பிறகு எண்ணுக்கு ஏற்றபடி விசிலைத் துண்டுதுண்டாக ஊதினால் எந்த ஊர் ஆபரேட்டரும் காசில்லாமல் லைனில் வருவார். ஆனால் ஆபரேட்டரிடம் கம்பெனி ஆள் போலப் பேச ஒரு பெயர் வேண்டுமே? எங்கள் ஊர் எக்ஸ்சேஞ்சில் ஒரு பெண் "ஃபெர்ன் பேசுறேங்க" என்று சொன்ன குரல் அவருக்குப் பிடித்துப்போனது. அன்று முதல் கிளீவ்லாந்தோ டென்வரோ, "ஃபெர்ன் சொல்லித்தான் கூப்பிடுறேம்மா." இதை அவளுக்குச் செய்யும் கௌரவமாகவே கருதினார்.

ஒரு மதியம் டெல்மர் எக்ஸ்சேஞ்சைக் கூப்பிட்டு ஃபெர்னைக் கேட்டபோது வேறு குரல் வந்தது. மூன்று ஊர்களிலிருந்து ஃபெர்ன் பெயரில் புகாராம். வேலைக்கு வர வேண்டாமென்று சொல்லிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை விசாரணை, பதினாறு வருட வேலை அன்றோடு சரி.

அன்று இரவு, போய் ஒத்துக்கொள்ளப் போவதாக அவர் லைனில் சொன்னதும், கம்பெனியைத்தானே ஏமாற்றுகிறோம், மனிதர்களையா என்ற எங்கள் மகத்தான தத்துவத்தை நான் எடுத்துவிட்டேன். கூட்டத்தில் ஒருவனான வென்டல், "ஒத்துக்கப் போறதுன்னா, ஜெயில்ல பியானோ இருக்கான்னு விசாரிச்சுட்டுப் போப்பா" என்றான்.

"அவ பேரைச் சட்டை மாதிரி மாட்டிக்கிட்டுத் திரிஞ்சிருக்கேன்டா," என்றார் டெல்மர்.

கூட வருகிறேன் என்று யாரும் சொல்லவில்லை. நானும்தான்.

வெள்ளிக்கிழமை காலை டை கட்டிக்கொண்டு எக்ஸ்சேஞ்சுக்குப் போனார். விஷயத்தைக் கேட்ட மேலாளர், "வெறும் வாயாலயா?" என்று சிரித்துவிட்டு, தன் தொலைபேசியை அவர் பக்கம் தள்ளி, இன்னொரு ரிசீவரைத் தன் காதில் வைத்துக்கொண்டார். டெல்மர் ஊதினார். காற்றுதான் வந்தது, உதடு உலர்ந்துவிட்டிருந்தது. விசாரணைக்கு உட்கார்ந்திருந்த பெண் தன் காகிதக் குவளைத் தண்ணீரை அவரிடம் நீட்டினாள்.

குடித்துவிட்டு மறுபடி ஊதினார். லைன் திறந்தது. கிளீவ்லாந்து ஆபரேட்டர், யார் சொல்லிக் கூப்பிடுகிறீர்கள் என்று கேட்டார்.

"யாரும் சொல்லலம்மா. என் பேரு டெல்மர் க்ரெப்ஸ்."