ராகு காலத்தில் வந்த இருபத்துநாலு

போன ஞாயிற்றுக்கிழமை என் தம்பி சுந்தரத்துக்குப் பெண் பார்க்க ஸ்ரீரங்கம் போனோம். திருச்சியிலிருந்து கூப்பிடு தூரம். போய்ச் சேர ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. பஸ் ரிப்பேரா? இல்லை. பாலத்தில் கூட்டமா? அதுவும் இல்லை. எல்லாம் ஒரு பத்து நயா பைசா பஸ் டிக்கெட்டால் வந்த வினை.

சுந்தரத்துக்கு ஒரு பைத்தியம் உண்டு. பஸ் டிக்கெட்டைக் கையில் வாங்கியதும் அதிலுள்ள நாலு எண்களையும் கூட்டி, கழித்து, பெருக்கி, வகுத்து அன்றைய தேதியைக் கொண்டுவந்தாக வேண்டும். எல்லா எண்ணும் வர வேண்டும். எதையும் ஒரு தடவைக்கு மேல் தொடக் கூடாது. ஆபீஸ் பஸ்ஸில் நாலைந்து பேர் ஆரம்பித்த விளையாட்டு... இப்போது வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. எனக்கும் தொற்றிக்கொண்டது, வேறென்ன?

இந்தப் பைத்தியத்தால் ஏற்கெனவே மூன்று வரன்கள் தட்டிப் போயின. கடைசியாகப் போன வீட்டில் பெண் வந்து கும்பிடுகிறாள். நம் தம்பித் துரையோ சுவர்க் காலண்டரைப் பார்த்து முணுமுணுத்துக்கொண்டிருக்கிறான். 'பையன் ஒரு மாதிரி' என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து அம்மாவுக்குச் சரியான தூக்கமில்லை. இந்த இடமாவது குதிர வேண்டும் என்று சமயபுரத்தாளுக்கு வேண்டிக்கொண்டுதான் கிளம்பினாள்.

நாலரைக்கு ராகு காலம். அதற்குள் பெண்ணைப் பார்த்துவிட வேண்டும். மூன்றேகாலுக்கே சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறினோம். பூவும் பழமும் வைத்த பையை மடியில் அணைத்துக்கொண்டு அம்மா முன் சீட்டில் உட்கார்ந்தாள். ஸ்ரீரங்கம் வந்தால் எழுப்பு என்று என்னிடம் சொல்லிவிட்டுக் கண்ணை மூடினாள்.

டிக்கெட் நம்பர் 6143. தேதி 24. பாலம் தாண்டியாயிற்று, வரவில்லை. திருவானைக்காவல் தாண்டியாயிற்று, வரவில்லை. கண்டக்டர் வேறு பக்கத்தில் வந்து நின்று யோசனை சொல்ல ஆரம்பித்தார். யாரோ இறங்கினார்கள், யாரோ ஏறினார்கள். பஸ் நின்றது, கிளம்பியது. திடீரென்று அம்மாவின் அலறல். நிமிர்ந்து பார்த்தால் — எதிரே மலைக்கோட்டை! ஸ்ரீரங்கம் போகிறவர்களுக்கு அது முதுகுப் பக்கமல்லவா இருக்க வேண்டும்? நாங்கள் போய்ச் சேர்ந்து, திரும்பி, மறுபடி காவேரிப் பாலத்தில் ஏறிக்கொண்டிருந்தோம்.

வேறு பஸ் பிடித்துப் பெண் வீட்டு வாசலில் நின்றபோது மணி நாலே முக்கால். பெண்ணின் அப்பா வாழைக்காய் மண்டிக்காரர். நேரம் காலம் பார்க்கிறவர். "தப்பா நினைச்சுக்காதீங்க. ஆறு மணிக்கு மேலதான் பொண்ணை வரச் சொல்லணும்" என்றார். ஏன் தாமதம் என்றும் கேட்டார். அம்மா ஏதோ சமாளிக்க வாயெடுப்பதற்குள், சுந்தரம் அரிச்சந்திரன் மாதிரி உண்மையைச் சொல்லி, டிக்கெட்டையும் எடுத்துக் காட்டினான். மனிதர் முகம் சுருங்கிவிட்டது. போச்சு, நாலாவதும் போச்சு என்று நினைத்துக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் பெண்ணின் அம்மா காபியோடு வந்தார். "அந்த டிக்கெட்டைப் பாக்கணுமாம்... கமலா கேக்குது" என்றார் தயங்கித் தயங்கி.

கமலாதான் பெண்; கணிதத்தில் பி.எஸ்ஸி. முடித்தவள். ராகு காலத்தில் பெண்தானே வெளியே வரக் கூடாது? டிக்கெட் உள்ளே போகலாமே! போயிற்று. கேசரித் தட்டோடு திரும்பியும் வந்தது. பின்பக்கம் பென்சிலால் எழுதியிருந்தாள்: மூன்றை நாலால் வகுத்தால் முக்கால். ஒன்றில் முக்கால் போனால் கால். ஆறைக் காலால் வகுத்தால் இருபத்துநாலு.

சுந்தரத்தின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கேசரியைத் தொடவே இல்லை. ஏனென்றால் அதற்குக் கீழேயே அவனுக்கு ஒரு சவால் இருந்தது: 3, 3, 8, 8 — இதற்கும் இருபத்துநாலு வர வேண்டும்.

ஒரு மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்டான். நானும்தான். அம்மா எங்கள் இருவரையும் முறைத்துக்கொண்டிருந்தாள். ஆறு அடித்தது. கமலா வந்து நின்றாள்.

முதல் தடவையாக என் தம்பி எண்களை விட்டுத் தலையைத் தூக்கினான். பார்த்தான்... பார்த்துக்கொண்டே இருந்தான். விடை வந்ததா என்று அவள் கேட்டதும் பதறிப்போய் எதையோ கிறுக்கி நீட்டினான். எட்டு மூணு இருபத்துநாலு, அதோடு எட்டைக் கூட்டி, எட்டைக் கழி!

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எட்டை மூணு தடவை எடுத்துட்டீங்க. ஒரு மூணைக் காணவே காணோம்."

அம்மா பழப் பையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். பெண்ணின் அப்பா தொண்டையைச் செருமினார். "ஏம்மா... அப்ப வேண்டாம்னு சொல்லிடலாமா?"

"வேண்டாம்னு நான் எப்பப்பா சொன்னேன்? அவருக்கு நான் சொல்லிக் குடுத்துக்கறேன்" என்றாள் கமலா.

கூடமே சிரித்தது. மண்டிக்காரர்தான் எல்லாரையும்விட உரக்கச் சிரித்தார். அம்மா சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தையில் கல்யாணம்.

நாமும் ஜாதகத்தை விரித்துவைத்துப் பத்துப் பொருத்தம் பார்க்கிறோம். ஒருவர் பைத்தியம் இன்னொருவருக்குப் பிடிக்குமா என்று யாராவது பார்க்கிறோமா?

ஒன்று மட்டும் நிச்சயம். இத்தனை வருஷமாக என் தம்பி சரியாகப் போட்ட கணக்குகளால் ஒரு பிரயோஜனமும் இல்லை. தப்பாகப் போட்டது ஒன்றே ஒன்று — அதற்குத்தான் பெண் கிடைத்தது!