சுசீலாவுக்குப் பொருத்தமாக ஒரு ஜோடி

கடையில் இருந்தவர்கள் நான்கு பேர். சுந்தரம் மாமா, கமலா அத்தை, நான், கவுண்டருக்குப் பின்னால் நின்ற ஒரு பெண்.

இல்லாதவர் ஒருவர் – மாமாவின் அக்கா.

அந்தக் கடையில் மட்டும் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். அவர் எங்கேயுமே இல்லை. மாமாவுக்கு அக்காவே கிடையாது.

ஆனால் நாங்கள் போனது அந்த அக்காவின் பெயரைச் சொல்லித்தான். யாருக்காகப் பார்க்கிறீர்கள் என்று அந்தப் பெண் கேட்டதும் மாமா கூரையைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அத்தைதான் சட்டென்று, “இவங்க அக்காவுக்குங்க” என்றார்.

கோயம்புத்தூரில் ஆஸ்பத்திரிகள் நிறைந்த ஒரு தெருவில் இருக்கிறது அந்தக் கடை. ஆபரேஷனில் மார்பகத்தை இழந்த பெண்கள் உள்ளே வைத்துக்கொள்ளும் செயற்கை மார்பகங்கள் அங்கே கிடைக்கும். மாமாவுக்குத் தேவைப்பட்டதும் அதுதான். எதற்கு என்கிறீர்களா?

சுந்தரம் மாமா எங்களுக்குச் சொந்தம் இல்லை. கோத்தகிரியில் எதிர் வீடு. தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பராக இருந்து ரிட்டயர் ஆனவர். அறுபதைத் தாண்டிவிட்டார். கனமான ஆள், அகலமான தோள். அவருக்குச் சின்ன வயதிலிருந்தே புடவை கட்டிக்கொள்வதில் ஆசை. கல்யாணமான புதிதில் அத்தையிடம் சொல்லிவிட்டார். அத்தை ஒரு வாரம் பேசவில்லை. அப்புறம் பேசினார் – கொசுவம் சரியில்லை என்று.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் ஜன்னலைச் சாத்தி, கர்ட்டனை இழுத்துவிட்டு, மாமா புடவையில் உட்கார்ந்து டீ குடிப்பார். அப்போது அவர் பெயர் சுசீலா. பெயர் வைத்ததும் அத்தைதான். இவ்வளவுதான் விஷயம். இதில் யாருக்கு என்ன நஷ்டம்?

(பெயர்களை மாற்றியிருக்கிறேன். மாமா படித்துப் பார்த்துச் சரி என்ற பிறகுதான் இது அச்சுக்குப் போகிறது. ‘கனமான ஆள்’ என்பதை மட்டும் எடுத்துவிடச் சொன்னார். எடுக்கவில்லை.)

ரிட்டயர் ஆனதும் மாமாவுக்கு இன்னொரு ஆசை வந்தது. ஒரே ஒரு நாள், பட்டப்பகலில், சுசீலாவாக அத்தையோடு ஊட்டிக்குப் போக வேண்டும். பூங்காவில் நடக்க வேண்டும். பெஞ்சில் உட்கார்ந்து டீ குடிக்க வேண்டும். யாரும் திரும்பிப் பார்க்கக் கூடாது.

கவனியுங்கள்... நாலு பேர் திரும்பிப் பார்க்க வேண்டும் என்று ஊரே தலைகீழாக நிற்கும் காலம் இது. மாமா கேட்டது ஒருவரும் பார்க்காமல் இருக்கும் பாக்கியத்தை!

அத்தை ஒப்புக்கொண்டார். ஒரே ஒரு கண்டிஷன் – தன்னோடு வருகிறவள் தன் வயதுக்குத் தகுந்த மாதிரி, பார்க்க இயல்பாக இருக்க வேண்டும்.

அங்கேதான் சிக்கல். அதுவரை சுசீலாவுக்குத் துணிப்பையில் கட்டிய பாசிப்பயறுதான். கனமும் சரி, அசைவும் சரி, குறையே சொல்ல முடியாது. ஆனால் நம் ஊர் ஆடி மாதத்து மழையையும் மூடுபனியையும் பயறு அறியுமா? ஒரு ஞாயிற்றுக்கிழமை பீரோவைத் திறந்தால் இரண்டும் முளை கட்டியிருந்தன. அத்தை எதையும் வீணாக்க மாட்டார். அன்று எங்கள் வீட்டுக்கும் ஒரு கிண்ணம் சுண்டல் வந்தது. நன்றாகத்தான் இருந்தது. அது எந்தப் பயறு என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது.

அப்புறம் ஆன்லைனில் ஆர்டர் போட்டார்கள். பார்சலைப் பிரித்தால் இரண்டு பூசணிக்காய் சைஸுக்கு ஏதோ வந்திருந்தது. அதைத் திருப்பி அனுப்பத் தெரியவில்லை. கதைக்குள் நான் வருவது இங்கேதான்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். பி.காம். அதனால் எனக்கு எல்லாம் தெரியும் என்று எங்கள் தெருவில் ஒரு நம்பிக்கை. ஆதார் திருத்தம், கேஸ் புக்கிங், மாட்டுக்கு வயிற்றுப்போக்கு – எதுவானாலும் என் கதவைத் தட்டுவார்கள். நானும் தெரியாது என்று யாரையும் அனுப்பியதில்லை. தேடிப் படித்தாவது ஒரு பதில் சொல்லிவிடுவேன். மாமா கையைப் பிசைந்துகொண்டு நின்றார். அத்தை டக்கென்று உடைத்துச் சொல்லிவிட்டு, “நீ படிச்சவன் கண்ணு. பார்த்துச் சொல்லு” என்றார்.

முதலில் ரிட்டர்ன் போட்டேன். காரணம் கேட்டது. ‘எதிர்பார்த்ததைவிடப் பெரியது’ என்று ஒரு பட்டன் இருந்தது. அழுத்தினேன்.

பிறகு உட்கார்ந்து படித்தேன். தோள் அகலம், நெஞ்சுச் சுற்றளவு, உயரம், வயது... பரீட்சைக்குக்கூட நான் அப்படிப் படித்ததில்லை. ஒரே பயம், போனை அம்மா எடுத்துவிடுவாரோ என்பதுதான். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. படம் பார்க்கத் தெரியும்.

ஆக, இப்போது கடை.

அக்கா எவ்வளவு உயரம் என்று அந்தப் பெண் கேட்டார். மாமா, தன் உயரம்தான் என்றார். தோள்? தன்னை மாதிரியேதான். நெஞ்சுச் சுற்றளவு? மாமா குனிந்து தன் சட்டையைப் பார்த்தார்.

அந்தப் பெண் மாமாவை ஒரு தடவை முழுசாகப் பார்த்தார். சிரிக்கவில்லை.

“அக்காவே வந்திருந்தா போட்டுப் பார்த்திருக்கலாம்” என்றார். பிறகு டேப்பை எடுத்துக்கொண்டே, “உள்ள ட்ரையல் ரூம் இருக்குங்க. அக்கா எப்ப வேணா வரலாம்” என்றார்.

அடுத்த நிமிடம் அக்கா வந்துவிட்டார்.

மாமாவின் கை முதலில் போனது ஆகப் பெரிய சைஸுக்கு. அத்தை விடவில்லை. “எங்க போய் நிக்குது பாருங்க, கழுத்துக்குக் கீழயே. நம்ம வயசுல யாருக்குங்க அங்க நிக்கும்?”

நான் என் ஆராய்ச்சியை எடுத்துவிட்டேன். அகலமான தோளுக்கு ரொம்பச் சின்னதும் எடுபடாது. நடுத்தரம்தான் சரி. மேலே சரிந்து கீழே நிறைகிற நீர்த்துளி வடிவம் வேண்டும். வைக்க வேண்டிய இடம், நாம் நினைப்பதைவிட இரண்டு விரல் கீழே. அந்தப் பெண் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பி.காம். வீண்போகவில்லை என்று எனக்கே பெருமையாக இருந்தது.

பெருமையோடு நிறுத்தியிருக்கலாம்.

சிலிகான் ஜோடி ஒன்று காட்டினார்கள். கையில் எடுத்தால் தளதளவென்று அசல் மாதிரியே இருந்தது. ஆனால் கனம், சில்லிப்பு. நம் ஊர்க் குளிரில் ஐஸ் கட்டியைக் கட்டிக்கொண்டு நடக்கிற மாதிரி இருக்குமே என்று கவலைப்பட்டேன். இன்னொரு ரகம், காற்று அடைப்பது. மேலே மெத்தென்ற உறை, பின்பக்கம் சின்னதாக ஒரு வால்வு. வேண்டிய அளவுக்கு ஊதி மூடிக்கொள்ள வேண்டியதுதான். எடையே இல்லை. விலையும் குறைவு.

இதுதான் பெஸ்ட் என்றேன். படித்த பையன் சொன்ன பிறகு யார் மறுப்பார்கள்?

ஊதினோம். அத்தை தள்ளி நின்று பார்த்து, கொஞ்சம் கூட்டச் சொன்னார், குறைக்கச் சொன்னார். கடைசியில், தன் சின்னம்மா மாதிரியே இருக்கிறது என்று திருப்தியானார். அவரே தைத்துக் கொண்டுவந்திருந்த பிளவுஸ், பச்சை காட்டன் புடவை, நரை கலந்த விக்... ட்ரையல் ரூமிலிருந்து வெளியே வந்தவர் ஒரு சாதாரண அறுபது வயதுப் பெண்மணி. மார்க்கெட்டில் உங்கள் பக்கத்தில் நின்று பீன்ஸுக்குப் பேரம் பேசினால் நகர்ந்து வழிவிடுவீர்கள். அவ்வளவுதான்.

சுசீலா கண்ணாடியை ரொம்ப நேரம் பார்த்தார்.

“கமலா... இப்படியே ஊட்டிக்குப் போயிரலாமா?”

போனோம். அவர்கள் இருவரும் பஸ்ஸில் முன்பக்கம் பெண்கள் சீட்டில். நான் இரண்டு வரிசை பின்னால். கண்டக்டர் வந்து, “கொஞ்சம் தள்ளி உக்காருங்க அம்மிணி” என்றார். சுசீலா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அடக்கிய சிரிப்பில் தோள் மட்டும் குலுங்கியது. மேட்டுப்பாளையம் வரை எல்லாம் சுபம்.

மலைப்பாதையில் பர்லியார் வந்தபோது என் போனில் மாமாவிடமிருந்து ஒரு மெசேஜ். ‘கண்ணு, இறுக்கிப் புடிக்குது.’

புது பிளவுஸ், பழகிவிடும் என்று பதில் போட்டேன்.

இரண்டு கொண்டை ஊசி வளைவு தாண்டி அடுத்த மெசேஜ். ‘பழகல. பெருசாகுது.’

பதட்டத்தில் அப்படித் தோன்றும்; மூச்சை நன்றாக இழுத்து விடுங்கள் என்று அனுப்பினேன். மூச்சை இழுத்தார். மேல் ஹூக் போனது.

குன்னூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கிப் பார்க்கிறேன்... எதிரே பெட்டிக்கடையில் சிப்ஸ் பாக்கெட் சரங்கள். ஒவ்வொன்றும் பலூன் மாதிரி உப்பி நிற்கிறது. எனக்கு அப்படியே வேர்த்துவிட்டது. கீழே தொளதொளவென்று இருக்கும் பாக்கெட் மலைக்கு வந்தால் உப்பும். இது நம் ஊரில் பிறந்த யாருக்குத்தான் தெரியாது? மேலே காற்றழுத்தம் குறைவு. உள்ளே அடைபட்டது விரிந்துகொள்ளும். அந்தப் பாக்கெட்டுகளைப் பார்த்தே வளர்ந்தவன், சமவெளியில் ஊதி அடைத்து, மலைக்கு பஸ் ஏற்றியிருக்கிறேன். ஊட்டிக்கு இன்னும் ஏற்றம் பாக்கி இருக்கிறது!

ஜன்னலுக்குக் கீழே நின்று விஷயத்தைச் சொன்னேன். சுசீலாவின் முகம் வெளுத்துவிட்டது. வால்வு பின்பக்கம், உடம்போடு ஒட்டியிருக்கிறது. திறக்க வேண்டுமானால் பிளவுஸைக் கழற்ற வேண்டும். எங்கே போய்க் கழற்றுவது? பெண்கள் டாய்லெட்டுக்குள் போக சுசீலா சம்மதிக்கவில்லை. உள்ளே யாராவது பயந்துவிடுவார்கள் என்றார். புடவையோடு ஆண்கள் டாய்லெட்டுக்குப் போனால் அங்கே பயந்துவிடுவார்கள். டாக்ஸி பிடித்துக் கோத்தகிரிக்கே போய்விடலாம் என்று எழுந்தார்.

அத்தை அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தார். “இத்தன வருஷம் ஜன்னலச் சாத்திட்டு உக்காந்தது போதுங்க. பேசாம வாங்க.”

பஸ் புறப்படும் நேரத்தில், கேரட் மூட்டையோடு ஒரு அம்மா ஏறி அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்தார். சுசீலாவைப் பார்த்தார். திணறிக்கொண்டிருந்த பிளவுஸைப் பார்த்தார். பெண்ணுக்குப் பெண் இரக்கம் வந்துவிட்டது. “டெய்லர் கெடுத்துட்டானா அம்மிணி? இவனுகளுக்கு அளவெடுக்கவே தெரியறதில்ல” என்றார். தைத்தவர் பக்கத்தில்தான் இருந்தார். அவர் வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

“இருங்க, முந்தானைய இழுத்துச் சேர்த்து ஒரு குத்து குத்தி விடறேன்.”

தாலிச் சரட்டிலிருந்து ஒரு ஊக்கை எடுத்தார். சேஃப்டி பின்.

நான் சீட்டிலிருந்து எழுந்துவிட்டேன். எழுந்து? குத்தாதீர்கள், வெடித்துவிடும் என்றா கத்துவது?

குத்திவிட்டார்.

வெடிக்கவில்லை. புஸ்ஸ்ஸ்... என்றது. அதே நேரம் டிரைவர் வளைவில் பிரேக் போட, ஏர் பிரேக்கும் புஸ்ஸ்ஸ்... என்றது. அந்த டிரைவர் குடும்பம் நன்றாக இருக்கட்டும். ஒருவரும் திரும்பவில்லை. ஆனால் கேத்தி தாண்டுவதற்குள் சுசீலாவின் இடப்பக்கம் சப்பையாகிவிட்டது. வலப்பக்கமோ, மலை ஏற ஏறத் தானும் ஏறிக்கொண்டிருந்தது.

கேரட் அம்மா பார்த்துவிட்டார். ஒரு தடவை. மறுபடியும் ஒரு தடவை. ஒரு வார்த்தை சத்தமாகச் சொன்னால் போதும், பஸ் முழுக்கத் திரும்பிவிடும். சுசீலா கண்ணை மூடிக்கொண்டார்.

அந்த அம்மா தன் சால்வையை எடுத்தார். சுசீலாவின் மேல் போர்த்தி, இரண்டு பக்கமும் இழுத்துவிட்டார். காதோரம் குனிந்து, “எங்க அக்காவுக்கும் ஆபரேஷன் பண்ணி ஒண்ண எடுத்துட்டாங்க, அம்மிணி. இப்ப தோட்ட வேலைக்கே போறா. மனசத் தளர விட்டுறாதீங்க” என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

சுசீலா அழுதுவிட்டார். ஊட்டி வரும்வரை அந்த அம்மா கையை விடவில்லை. அப்புறம் கேட்டதற்கு மாமா சொன்னார் – அழுகையில் பாதி, செய்யாத ஆபரேஷனுக்கு ஆறுதல் வாங்கிய குற்ற உணர்ச்சி. மீதிப் பாதி என்னவென்று அவருக்கே தெரியவில்லையாம்.

ஊட்டியில் சால்வையைத் திருப்பிக் கொடுத்தால் அந்த அம்மா வாங்கவே மாட்டேன் என்றார். பதிலுக்கு சுசீலா அவருடைய கேரட் மூட்டையை ஒற்றைக் கையால் தூக்கி இறக்கி வைத்தார். அந்த அம்மா அசந்துபோனார். ஆபரேஷனுக்கு அப்புறமும் இவ்வளவு தெம்பா என்று.

பூங்காவில் யாராவது திரும்பிப் பார்த்தார்களா?

எப்படிப் பார்ப்பார்கள்? ஊட்டிக் குளிரில் எல்லாரும் ஸ்வெட்டர், அதன்மேல் சால்வை, அதன்மேல் மஃப்ளர். அங்கே நடமாடும் அத்தனை உருவமும் மூட்டைதான். நான் விழுந்து விழுந்து படித்த விகிதாசாரத்தை ஒரு சால்வை மூடிவிட்டது. அத்தையும் சுசீலாவும் பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தார்கள். ஒரு டூரிஸ்ட் பெண் வந்து, தங்களை போட்டோ எடுத்துத் தரும்படி சுசீலாவிடம் போனை நீட்டினாள். எடுத்துக் கொடுத்தார். “தேங்க்ஸ் ஆன்ட்டி” என்று ஓடிவிட்டாள். போட்டோவில் எல்லாருக்கும் தலை கட் ஆகியிருக்கும். சுசீலா போனைப் பார்க்கவில்லை, அந்தப் பெண்ணின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நம் உடம்பை நாம் உற்றுப் பார்க்கிற மாதிரி உலகம் பார்ப்பதில்லை. அவரவர் குளிர் அவரவருக்கு.

அடுத்த மாதமே போய் அந்த சிலிகான் ஜோடியை வாங்கிவிட்டோம். வெந்நீரில் கொஞ்ச நேரம் போட்டு எடுத்தால் சில்லிப்பு போய்விடுகிறது. இது அத்தையின் கண்டுபிடிப்பு. என்னிடம் யாரும் கேட்கவில்லை.

நல்ல காற்றுக்காக ஊர் உலகமே செலவு செய்துகொண்டு நம் மலைக்கு வருகிறது. மாமாவுக்குக் கடைசியில் ஆனது ஒன்பதாயிரத்து நானூறு ரூபாய். அதில் ஆயிரத்து எண்ணூறு, கோயம்புத்தூர்க் காற்றை ஊட்டிக்குக் கொண்டுவந்த வகையில்.