முன்சீப் வந்த வீடு

பாடப் புத்தகத்தில் 'முன்சீப்' என்ற சொல்லைப் பார்த்துவிட்டு, "அப்படின்னா என்ன வாப்பா?" என்று கேட்டீர்கள். நான் எட்டாவதோடு நின்றவன். ஆனாலும் இந்த ஒரு சொல் எனக்குத் தெரியும். சொத்துத் தகராறுகளைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லும் நீதிபதி அவர். அரபியில் 'நிஸ்ஃப்' என்றால் பாதி. அதிலிருந்துதான் 'இன்ஸாஃப்', அதாவது நியாயம், வந்ததாம். நியாயம் செய்கிறவர் 'முன்ஸிஃப்'. நம் வாயில் முன்சீப் ஆகிவிட்டார். பள்ளிவாசல் ஆலிம்சா சொல்லித்தான் எனக்கே தெரியும்.

நம் வீட்டுக்கே ஒரு முன்சீப் வந்திருக்கிறார். அப்போது உங்களில் மூத்தவள் கைக்குழந்தை.

பெண்மக்களுக்கு வீடு கொடுப்பது நம் ஊர் வழக்கமல்லவா? உங்கள் உம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் ஒரே வீட்டை அவர்கள் தாயார் பாதி பாதியாகக் கொடுத்திருந்தார். நடுவில் சுவர். சுவரில் ஒரு கதவு. கிணறு பெரியம்மா பக்கம். உம்மா தெருவில் இறங்காமல் அந்தக் கதவு வழியாகப் போய்த் தண்ணீர் எடுப்பாள்.

ஒருநாள் நம் ஆடும் அதே வழியாகப் போய், பெரியப்பா கொழும்பிலிருந்து கொண்டுவந்து வைத்த தென்னங்கன்றைத் தின்றுவிட்டது. அவர் கதவை மறித்துப் பலகை அடித்துவிட்டார். நான் ரோஷத்தில் பரமக்குடிக் கோர்ட்டுக்குப் போனேன். மாதக்கணக்கில் அக்காளும் தங்கையும் முகம் பார்க்கவில்லை. தண்ணீர்வண்டிக்காரர் ஊற்றியதில்தான் நம் வீட்டுச் சமையல்.

இடத்தை நேரில் பார்க்க முன்சீப்பே வந்தார். பெண்கள் திரைக்குப் பின்னாலிருந்துதான் பேசுவார்கள் என்பதால், பெரியம்மா வீட்டுக் கூடத்தில் ஒரு திரை கட்டினோம். உம்மா துப்பட்டி போர்த்திக்கொண்டு தெருவழியாக வந்து, பிள்ளையோடு திரைக்குள் போனாள். அங்கே பெரியம்மா ஏற்கெனவே உட்கார்ந்திருந்தாள்.

"கதவை அடைச்சதால உங்களுக்கு என்னம்மா கஷ்டம்?" என்று முன்சீப் உம்மாவைக் கேட்டார்.

உம்மா வாய் திறக்குமுன் பெரியம்மாவின் குரல்தான் வந்தது.

"ஏண்டி இப்புடி எளச்சுப் போயிட்டே?"

"நீங்க மட்டும் என்னவாம் லாத்தா?" என்று உம்மா அக்காளைக் கேட்டாள்.

"புள்ளைய இங்கன குடு. ஆத்தாடி, என்னா கனம்!"

அப்புறம் இரண்டு பேரும் அழுகிற சத்தம். பிள்ளையும் சேர்ந்துகொண்டாள்.

முன்சீப் பேனாவை மூடிவிட்டுப் பெரியப்பாவைப் பார்த்தார். பெரியப்பா தரையைப் பார்த்தார். "கன்னு போச்சே, சார்," என்றார் மெல்ல.

"கன்னு கன்னுங்கிறாக! வேற வச்சாப் போச்சு," என்று திரைக்குள்ளிருந்து பெரியம்மா சத்தம் போட்டாள். "எந்தங்கச்சி தண்ணியில்லாமக் கெடக்குறா. பலகையப் பேத்து எறிங்க. அந்தத் திருட்டு ஆட்டையும் கட்டிப்போடச் சொல்லுங்க, சார்!"

முன்சீப் சிரித்துவிட்டார். "அப்ப ராஜின்னு, சமாதானமாப் போயிட்டீங்கன்னு எழுதிக்கிறேன்," என்றார்.

பலகையைப் பெரியப்பாவே பேர்த்தார். அதே பலகையில் ஆட்டுக்கு ஒரு பட்டி கட்டினோம். நான் பிடித்துக்கொள்ள அவர் ஆணி அடித்தார். சாயங்காலம் உம்மா கதவு வழியாகத் தண்ணீர் எடுக்கப் போனாள். ஒரு குடத்துக்குப் போனவள் வெகுநேரம் வரவில்லை. நானும் கூப்பிடவில்லை.