என் வளவில் நின்ற லொறிகள்

ஐம்பதுகளில் கல்முனைக்குடியில் எங்கள் மச்சானைப் பற்றி யாரைக் கேட்டாலும் ஒரே பாட்டைத்தான் பாடுவார்கள். நல்ல உழைப்பாளி, குடும்பத்துக்காக ஓடாய்த் தேய்கிற மனிசன் என்பார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எந்தக் குடும்பத்துக்காக என்று ஒருவரும் யோசித்ததில்லை. மச்சான் என் மூத்தவளான ராத்தாவின் கணவர். அவர்களுக்கு மூன்றும் பெண்பிள்ளைகள். எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்த ஆண் பெண்ணின் வீட்டுக்குத்தான் வந்து குடியிருப்பான். ஆகவே பெண்பிள்ளை பிறந்தால் அவளுக்கு ஒரு வீடு கட்ட வேண்டும், வீடு கட்ட ஒரு வளவு வேண்டும். மச்சானுக்கு மூன்று வளவு தேவை. அவரிடம் ஒன்றும் இல்லை. என்னிடம் ஒன்று இருந்தது.

வாப்பா மௌத்தாகும் முன் ராத்தாவுக்கு வீடு கட்டிக் கொடுத்துவிட்டார். எனக்கென்று பக்கத்து வளவை ஒதுக்கி வைத்தார்; அதில் ஒரு கல் வைக்கவும் அவருக்கு ஆயுள் இருக்கவில்லை. வளவின் உறுதிப் பத்திரம் உம்மாவின் பேரில் இருந்தது. நானும் உம்மாவும் ராத்தாவின் வீட்டில் ஓர் அறையில் இருந்தோம். என் வளவில் மச்சானின் லொறி கராஜ் இருந்தது. "சும்மா கெடக்கிற காணிதானே, மச்சி கலியாணம் முடிக்கும் மட்டும்" என்று என்னைக் காட்டிச் சொல்லித்தான் தென்னோலைக் கிடுகில் கொட்டில் போட்டார். அப்போது எனக்குப் பதினைந்து வயது. பத்தொன்பது வயதாகியும் கொட்டில் அங்கேயே நின்றது. போதாக்குறைக்குத் தகரக் கூரையும் ஏறிவிட்டது.

உழைப்பாளி இல்லை என்று நான் சொல்லமாட்டேன். விடியற்காலை சுபஹு தொழுதுவிட்டு வந்து லொறிக்கு அடியில் படுத்தாரென்றால் பகல் சோற்றுக்குத்தான் எழும்புவார். இறக்காமத்திலிருந்து நெல் ஏற்றி வந்து அச்சு முறிந்த லொறி, கல்லோயாப் பக்கம் மண் அள்ளிக் களைத்துப்போன லொறி, உலக யுத்தம் முடிந்து பட்டாளத்துக்காரர் விற்றுவிட்டுப் போன கிழட்டு லொறி எல்லாம் என் வளவில்தான் வந்து படுக்கும். கொழும்பிலிருந்து சாமான் வரும்வரை காத்திருக்கமாட்டார். பழைய இரும்பைக் காய்ச்சித் தட்டித் தானே ஒன்றைச் செய்து பூட்டிவிடுவார். மச்சானைப் பாஸ் என்றே கூப்பிடும் சாரதிமார் லொறியை அவரிடம் விட்டுவிட்டுச் சந்தைப் பக்கம் போய்த் தேத்தண்ணி குடித்துக் கதைத்துக்கொண்டிருப்பார்கள். பாஸ் கை வைத்தால் ஓர் ஆணிகூடக் காணாமற் போகாது என்று அவர்களுக்கு அவ்வளவு நம்பிக்கை.

சாப்பிட வரும்போது முதலில் மண்ணெண்ணெயிலும் பிறகு மணலிலும் கடைசியில் சவர்க்காரத்திலும் கை கழுவுவார். மூன்று பிள்ளைகளுக்கும் ஊட்டிவிட்டுத்தான் தன் வாயில் வைப்பார். பெருநாளைக்கு ராத்தாவுக்கு எடுக்கிற அதே சீத்தைத் துணியில் எனக்கும் எடுப்பார். ஊர் இதைப் பார்த்து உருகியது. மனதில் கள்ளம் இருக்கிறவன்தான் இப்படிக் குழைவான் என்று நான் நினைத்தேன். எனக்கு அப்படி ஒரு புத்தி. யாராவது நன்றாக நடந்துகொண்டால் ஏன் என்று கேட்கும்.

வேலியோரமாக இருந்து பன்பாய் பின்னுவதாகப் பேர். என் கண் கிடுகு இடுக்கில்தான் இருக்கும். ஒரு நாள் மேசன் ஒருவர் வந்து என் வளவின் பின்மூலையில் ஆளுயரத்துக்குக் குழி வெட்டினார். உட்பக்கம் கல் கட்டி, சீமெந்தும் பூசினார்கள். சீமெந்து காய்ந்ததும் மச்சான் மேலே இரண்டு கனத்த பலகைகளைப் போட்டு, லொறியை ஏற்றி நிறுத்தி, குழிக்குள் நின்றபடி வேலை செய்யத் தொடங்கினார். விட்டுவிட்டுப் போகிறவன் சீமெந்து பூசுவானா?

"ராத்தா, மச்சான் என்னத்துக்கு அங்க குழி கட்டுற?" என்று கேட்டேன்.

"அது ஆம்புளையள்ர விசயம். நீ பாயப் பின்னு" என்றாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னது போல் இருந்தது. அவளும் கூட்டு என்று முடிவு கட்டினேன்.

அதே கிழமையில் ஒரு பகல், சோற்றுக்கு வந்த மச்சான் குசினி வாசலில் நின்று உம்மாவிடம் கதைப்பது காதில் விழுந்தது.

"மாமி, அந்த உறுதிய ஒருக்காத் தாங்க. உறுதி எழுதுற நொத்தாரிசு பாக்கணுமாம். உங்கட பெருவிரல் அடையாளமும் வேணும்."

"ஓம் மகன், வெள்ளிக்கிழம கழியட்டும். எடுத்துத் தாறன்" என்றாள் உம்மா.

நான் உள்ளே போனதும் இருவரும் வாயை மூடிக்கொண்டார்கள். உம்மா அவசரமாகச் சட்டியைக் கிண்டினாள். மச்சான் கூரையைப் பார்த்தார். எனக்கு அதற்கு மேல் அத்தாட்சி தேவைப்படவில்லை. எழுத்தறியாத உம்மாவின் விரலைப் பிடித்து அழுத்தி என் வளவை எழுதி எடுக்கப் பார்க்கிறார்கள். வாப்பா உயிரோடு இருந்திருந்தால் இப்படி நடக்குமா என்று எண்ணியெண்ணி அழுதேன்.

உம்மாவின் பெட்டகச் சாவி கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். யாரும் எடுக்கலாம், யாரும் எடுத்ததில்லை. வெள்ளிக்கிழமை ஆண்கள் ஜும்ஆவுக்குப் போயிருந்தார்கள், உம்மாவும் ராத்தாவும் கிணற்றடியில் நின்றார்கள். நான் பெட்டகத்தைத் திறந்து உறுதியை எடுத்தேன். என் கலியாணத்துக்கென்று இலவம்பஞ்சு அடைத்து வைத்திருந்த தலையணை ஒன்றின் ஓரத்தைப் பிரித்து, உறுதியை நடுவில் செருகித் திரும்பத் தைத்தேன். தையல் நல்ல நுணுக்கமாக விழுந்தது. அதில் எனக்குப் பெருமையும் இருந்தது.

மறுநாள் காலையில்தான், மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள் என்று ராத்தா என்னிடம் சொன்னாள். மருதமுனையில் தறி வைத்திருந்த குடும்பம். கலியாணம் பேசி மூன்று மாதமாகிறதாம். எங்களில் பெண்ணுக்குக் கடைசியில்தான் சொல்வார்கள். முன்னதாகச் சொன்னால் அவள் வெட்கம் கெட்டவளாகிவிடுவாளாம். அவர்கள் வந்ததும் நான் ராத்தாவோடு அறைத் திரைச்சீலைக்குப் பின்னால் நின்று கேட்டேன். நாள் குறிப்பதற்கு முன் வளவை என் பேரில் எழுத வேண்டும் என்று அவர்கள் கேட்டிருக்கிறார்கள். நொத்தாரிசிடம் மச்சான் போனது அதற்கு. பின்மூலைக் குழி, கட்டப்போகிற வீட்டின் கக்கூசுக் குழி. அதுவரை சும்மா கிடப்பானேன் என்றுதான் லொறியை ஏற்றியிருக்கிறார்.

உம்மா பெட்டகத்தைத் திறந்தாள். துணியெல்லாம் வெளியே வந்தது, உறுதி வரவில்லை. கடைசியாக அதைக் கேட்டவர் யார் என்று உம்மா யோசித்தது முகத்தில் தெரிந்தது. பிறகு எல்லாருடைய கண்ணும் மச்சான் மேல் திரும்பியது. பேச்சை நடத்த எங்கள் குடியின் மரைக்கார் வந்திருந்தார். குடும்பத்து வழக்குகளைத் தீர்த்து வைப்பவரும் அவர்தான்.

"பாஸ், நீங்க எடுக்கல்லெண்டு பள்ளிக்கு வந்து சத்தியம் பண்ணுவீங்களா?" என்று கேட்டார்.

மச்சான் நாங்கள் நின்ற திரைச்சீலைப் பக்கம் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"சத்தியம் பண்ணமாட்டன்" என்றார். "ஆனா வளவு மச்சிடதான். கராஜ எடுத்திர்றன். ஊட்டையும் நானே கட்டிக் குடுக்கிறன்."

குற்றத்தை ஒப்புக்கொண்டது போலத்தான் அது இருந்தது. நான் அப்போதே தலையணையைக் கொண்டுவந்து நடுவில் போட்டிருக்க வேண்டும். போடவில்லை. உறுதியைத் திருடித் தைத்து வைத்தவள் என்று தெரிந்தால் எந்த மாப்பிள்ளை வீட்டார் இருப்பார்கள்? என் கலியாணத்துக்காக வாயை மூடிக்கொண்டேன். இதற்கு வேறு பேர் வைக்க எனக்குத் தெரியாது.

வீடு எழும்பட்டும், பார்ப்போம் என்று சொல்லிவிட்டு மருதமுனைக்காரர் போனார்கள். மச்சான் ஒரு மாதத்துக்குள் கராஜைப் பாண்டிருப்புப் பக்கம் தெருவோரத்துக்கு மாற்றினார். கதை அவருக்கு முன்னால் அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. மச்சியின் உறுதியை அமுக்கப் பார்த்தவராம், சத்தியத்துக்குக் கூப்பிட்டும் வரவில்லையாம். சாரதிமார் இப்போது லொறியை விட்டுவிட்டுப் போவதில்லை. பக்கத்தில் பெட்டியைப் போட்டு உட்கார்ந்து, அவர் கழற்றுகிற ஆணிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவரோ கழற்றிய ஆணியை அவர்கள் கண்ணுக்கு முன்னாலேயே வரிசையாக வைத்தாராம்.

பகலெல்லாம் அங்கே வேலை, பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு என் வளவில் வேலை. மேசனுக்குக் கூலிக்கு ஆள் வைக்காமல் தானே சீமெந்து குழைத்தார், ஓடு சுமந்தார். நான் குடிக்கச் சாயத்தண்ணி கொண்டுபோய்க் கொடுப்பேன். முகத்தைப் பார்க்கமாட்டேன். இவர் இவ்வளவு செய்வது எதற்கு, உண்மையிலேயே ஏதும் கள்ளம் இருந்திருக்குமோ என்று அப்போதும் என் புத்தி கேட்டது. அப்படி இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு சுகமாக இருந்திருக்கும்.

கூரை ஏறிய பிறகு, ஒரு நாள் தலையணையைப் பிரித்து உறுதியை எடுத்து உம்மாவின் பெட்டகத்தில் பட்டுச்சேலைக்கு அடியில் வைத்தேன். எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பினேன். சில நாளில் உம்மா அதைக் கண்டெடுத்தாள். பயத்தில் அவரே கொண்டுவந்து வைத்துவிட்டார் என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். ராத்தா ஆணியில் தொங்கிய சாவியை எடுத்துத் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள். அதற்குப் பிறகு, அதே பெட்டகத்தில் இருக்கிற, ஜும்ஆவுக்கு உடுக்கிற வெள்ளைச் சாரனுக்குக்கூட மச்சான் அவளிடம் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. முன்பு அவர் கை எண்ணெய் மணத்தைச் சொல்லிச் சிரிப்பவள், இப்போது சோற்றை வைத்துவிட்டு எழும்பிப் போய்விடுவாள்.

என் கலியாணம் அந்த வீட்டில்தான் நடந்தது. இரண்டு மூன்று கிழமை கழித்து, குசினிக் கதவு இழுக்கிறது என்று சொன்னதும் மச்சான் பிணைச்சலைச் சரிசெய்ய வந்தார். என் கணவர் தறிக்குப் போயிருந்தார், உம்மா முன்னறையில் தொழுதுகொண்டிருந்தாள். மச்சான் ஆணியை முறுக்கிக்கொண்டே, என்னைப் பாராமல் கதைத்தார்.

"மச்சி, ஒண்டு சொல்லணும். உங்கட ராத்தாவ மனசில வெச்சிக்காதீங்க."

"என்ன மச்சான்?"

"உறுதிய ஒளிச்சது அவதான். மூணும் பொம்புளப் புள்ளையள், பயத்தில செஞ்சிட்டா. நான் சத்தியம் பண்ணியிருந்தா மரைக்கார் அடுத்ததா அவவத்தானே கேட்டிருப்பார். இதப் பத்தி நான் அவவோட ஒரு நாளும் கதைக்கல்ல, கதைக்கவும் மாட்டன்."

கதவைத் திறந்து மூடிப் பார்த்தார். இழுக்கவில்லை. திருப்புளியைச் சாரன் மடிப்பில் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"மனசில வெச்சிக்கமாட்டீங்கதானே?"

"இல்ல மச்சான், வெச்சிக்கமாட்டன்" என்றேன்.