எதிர் டீக்கடையில் கேட்டால்தான் கேட்டது

ஷில்லாங்கில், லைதும்க்ரா மேட்டில், டாபிஷா கிதார் பெடல் விற்கிறாள்; கிதாரின் சத்தத்தை மாற்றக் காலால் மிதிக்கிற சின்னப் பெட்டிகள். விற்கிறாள் என்பது பேச்சுக்குத்தான். வந்தவர்களில் பாதிப் பேரை வெறுங்கையோடு துரத்திவிடுவாள். அப்படியும் மலை முழுக்க இருக்கிற கிதார்காரர்கள் அவள் கடையில்தான் வந்து விழுகிறார்கள். அவள் காது அப்படி!

தனியாக வாசித்துப் பார்த்து வாங்கவே விடமாட்டாள். "கூட வாசிக்கிறவங்களையும் கூட்டிட்டு வாங்க" என்பாள். அவர்கள் கடைக்குள் வாசிக்க, இவள் வெற்றிலைபாக்கைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு தெருவைத் தாண்டி, எதிர் டீக்கடை வாசலில் போய் நின்றுகொள்வாள். மழையானாலும் அங்கேதான்.

போன அக்டோபரில் ஷெம்பாங் வந்தார். ஐம்பத்திரண்டு வயது, இருபது வருஷமாக ஒரே குழுவில் கிதார். முகத்தில் ஈயாடவில்லை. பாடுகிற கிட்போக் கெடு வைத்துவிட்டானாம்: சனிக்கிழமைக் கச்சேரியிலும் கிதார் கேட்கவில்லை என்றால் வேறு ஆள்.

"கடையிலேயே பெரிசா கரகரக்கிற டிஸ்டார்ஷன் பெடல் எதுவோ, அதைக் குடு காங்" என்றார். அவளைவிடப் பதினெட்டு வயது மூத்தவர்தான். ஆனாலும் ஊரோடு சேர்ந்து அவரும் அவளைக் காங், அதாவது அக்கா, என்றே கூப்பிடுவார்.

"ஏற்கெனவே மூணு இருக்கேண்ணே. ஊறுகா போடப் போறீங்களா? போங்க, எல்லாரையும் கூட்டிட்டு வாங்க."

வந்தார்கள், வாசித்தார்கள். டீக்கடை வாசலில் நின்றவளுக்கு டிரம்ஸ் கேட்டது, கிட்போக்கின் குரல் கேட்டது. கிதார் இருக்கவேண்டிய இடத்தில் வண்டுக்கூட்டம் மாதிரி ஒரே இரைச்சல். வீட்டில் தனியாக வாசித்தால் மலையையே புரட்டுகிற சத்தம்தான். நாலு பேரோடு சேர்ந்தால் முங்கிப்போகும். இதில் ஏமாறாத கிதார்காரன் இந்த ஊரில் உண்டா?

டாபிஷா திரும்பி வந்து மூன்று பெடலையும் பிடுங்கினாள். லேசாக மட்டும் கரகரக்கிற சின்ன ஓவர்டிரைவ் பெடல் ஒன்றை வைத்து, கரகரப்பைக் கால்வாசிக்கு இறக்கி, சத்தத்தை மட்டும் ஏற்றினாள்.

"இது விரல் சொல்றதைக் கேக்கும்ணே. அழுத்தினா சீறும், தளர்த்தினா தெளியும்."

ஷெம்பாங் கம்பியை ஒருமுறை மீட்டிவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். "வேண்டாம் காங். துணியில்லாம நிக்கிற மாதிரி இருக்கு."

"நின்னுதான் பாருங்களேன்!"

இந்த முறை டீக்கடை வாசலில் எல்லாச் சத்தத்துக்கும் மேலே கிதார் கேட்டது. அவர் விரலும் கேட்டது. மேலே ஏறுகிற இடத்திலெல்லாம் ஒரு ஸ்வரம் வழுக்கியது. ஒரே விரல், ஒவ்வொரு தடவையும். ஐயோ, மனுஷனைக் காட்டிக் கொடுத்துவிட்டோமே! டாபிஷா வண்டிகளைக்கூடப் பார்க்காமல் தெருவைத் தாண்டிக் கடைக்கு ஓடினாள்.

உள்ளே வாசிப்பு நின்றிருந்தது. கிட்போக் ஷெம்பாங்கின் இடது கையைப் பிடித்து மோதிர விரலை மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான். அது பாதிக்குமேல் மடங்கவில்லை.

"எப்பலேர்ந்துடா?"

"போன குளிர்லேர்ந்து. இரைச்சலைக் கூட்டினா தெரியாதுன்னு நெனச்சேன்."

"மடையா!" கிட்போக்கின் குரல் உடைந்தது. "ஒம்போது மாசமா உனக்கு எங்களோட வாசிக்கவே பிடிக்கலைன்னு நெனச்சுட்டிருந்தேன்டா. நீயா விட்டுட்டுப் போறதுக்கு முந்தி நாமளே வேற ஆள்னு சொல்லிடுவோம்னுதான் கெடு வச்சேன்."

ஷெம்பாங்குக்குத் தலை நிமிரவில்லை. "அப்ப, சனிக்கிழமை?"

"உன் விரல் வர்ற வேகத்துக்கு மெதுவாப் பாடறேன்" என்றான் கிட்போக். "நீ வா."